செல்லையன் மாமாவும் தண்ணி இறங்காத கக்கூசும்

எங்கள் தொழிலில் ஆளை யாரும் வாய்விட்டுக் கூப்பிடுவதில்லை. தச்சன் வேண்டுமென்றால் ரோட்டில் நின்று கூவுவார்கள். எலக்ட்ரீஷியன் வேண்டுமென்றால் சாயாக்கடையில் சொல்லி வைப்பார்கள். கக்கூசு சரிசெய்கிறவனை மட்டும் தோளைத் தொட்டு, ஓரமாக நகர்த்திக்கொண்டு போய், காதுக்குள் சொல்வார்கள். பாறசாலைக்கும் நெய்யாற்றின்கரைக்கும் இடைப்பட்ட ஊர்களில் தொண்ணூறுகளில் நான் பார்த்த வேலையெல்லாம் இப்படிக் காது வழியாக வந்த வேலைதான். பஸ்ஸில் வந்திருக்கிறது, கல்யாண வீட்டில் வந்திருக்கிறது, ஒருமுறை பிரேதம் எடுக்கக் காத்து நின்ற வீட்டு முற்றத்திலும் வந்தது.

யாரையும் கேலி செய்ய இதை எழுதவில்லை. உங்கள் வீட்டிலும் இது நடந்திருக்கும். விருந்துக்கு வந்தவர் உள்ளே போய்க் கதவைச் சாத்துவார். தண்ணீர் ஊற்றுகிற சத்தம் கேட்கும். கொஞ்சம் கழித்து மறுபடி கேட்கும். பிறகும் கேட்கும். வெளியே உட்கார்ந்திருக்கிற நீங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் பேசிக்கொண்டிருப்பீர்கள். அந்த நேரத்து வெட்கம் தெரிந்தவர்கள் மேலே படிக்கலாம்.

கன்னிமூலை

குளத்தூரில் பிரபாகரன் என்று ஒருவர் மஸ்கட்டிலிருந்து வந்து வீடு கட்டினார். வீட்டின் தென்மேற்கு மூலையைத்தான் எங்கள் ஊரில் கன்னிமூலை என்போம். அங்கே அழுக்கு சேரக்கூடாது, குழி தோண்டக்கூடாது என்று எல்லாருக்கும் ஒரு பயம் உண்டு. கோயிலுக்குப் போகிறவர்களுக்கும் உண்டு, சர்ச்சுக்குப் போகிறவர்களுக்கும் உண்டு. பிரபாகரனின் கக்கூசு அறை கன்னிமூலையில் எழும்பி, ஓடும் போட்டு முடிந்த பிறகுதான் மூலை பார்க்கிற ஆசாரி வந்து சேர்ந்தார். அறையை இடிக்க யாருக்கும் மனசில்லை. குழியையாவது அந்த மூலையிலிருந்து தள்ளி வையுங்கள் என்று ஆசாரி சொன்னார். குழி வீட்டின் வடபக்கத்துக்குப் போயிற்று.

அந்த நிலமோ வடக்கே போகப் போக மேடு. குழாய் வீட்டை ஒட்டியே போய் மேடேறிக் குழியில் விழ வேண்டும். குடிபுகுந்த நாளிலிருந்து தண்ணீர் போன வழியே திரும்பி வந்துகொண்டிருந்தது. குழியை இடம் மாற்றுங்கள் என்றேன், முடியாது என்றார்கள். குழி இறங்காதென்றால் கக்கூசு ஏறித்தான் ஆக வேண்டும். அறையின் தரையை இடுப்பளவுக்கு உயர்த்தி, படி கட்டி, அதன் மேல் புதிதாகக் குழாய் இறக்கினேன். தண்ணீர் ஒழுங்காகப் போயிற்று. பிரபாகரனின் மனைவி உள்ளே போய்ப் பார்த்துவிட்டு, சேலையை ஒரு கையால் பிடித்துக்கொண்டு கவனமாக இறங்கி வந்தார்.

"இப்போ மூலைக்கும் குத்தமில்ல, குழாய்க்கும் குத்தமில்ல. ஏறி இருக்கியவனுக்குத்தான் தல கிறங்குது."

கை கழுவும் இடத்தில்

அந்த வருஷம் எங்கள் சர்ச்சில் ஒரு கல்யாணம். சாப்பிட்டுவிட்டுக் கை கழுவுகிற டிரம் பக்கத்தில் நின்றபோது என் பின்னால் ஒரு பெண் குரல், காதுக்குள். செலின். அவளுடைய வீட்டுக்காரன் கல்ஃபில் வெல்டர். இரண்டு பெண் பிள்ளைகளையும் மாமனாரையும் வைத்துக்கொண்டு இவள் ஊரில் இருந்தாள். அந்த மாமனார்தான் செல்லையன் மாமா.

செல்லையன் மாமாவைத் தெரியாதவர்கள் எங்கள் பக்கத்தில் குறைவு. சர்ச்சில் அறுப்புப் பண்டிகை வரும்போது ஜனங்கள் வாழைக்குலை, சேனை, தேங்காய், கோழி என்று விளைந்ததைக் கொண்டுவந்து படைப்பார்கள். பிறகு திடலில் வைத்து அத்தனையையும் லேலம் விளிப்பார்கள், அதாவது ஏலம் போடுவார்கள். விளிக்கிறவர் செல்லையன் மாமா. மைக் இருந்தாலும் தள்ளி வைத்துவிடுவார். அவர் ஒரு பூசணிக்காயைத் தூக்கிப் பிடித்து விளித்தால் பஸ் ஸ்டாப்பில் நிற்கிறவன்கூடத் திரும்பிப் பார்ப்பான்.

அவர் நல்லமிளகு பறிக்க ஏணியில் ஏறி விழுந்து இடுப்பெலும்பு முறிந்து, காரக்கோணத்து ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு வந்திருந்தார் என்பது எனக்கும் தெரியும். இனி குந்தி உட்காரக் கூடாது. அதனால் அவர் ஆஸ்பத்திரியில் கிடக்கும்போதே மகன் பணம் அனுப்பி, பழைய கக்கூசை மாற்றி யூரோப்பியன் வைத்திருந்தார்கள். வைத்த நாளிலிருந்து தண்ணீர் இறங்கவில்லை. இதைச் சொல்ல எதற்கு இவ்வளவு தயங்குகிறாள் என்று திரும்பிப் பார்த்தேன். அவள் கண் கலங்கியிருந்தது.

"ஒருக்கா வந்து பாக்கணும் அண்ணா. மாமா சோறு குறச்சுக்கிட்டே வாறாரு. அதுக்குக் காரணம் அந்தக் கக்கூசாக்கும்."

நான் நிற்கும்போது மட்டும்

மறுநாளே போனேன். குளத்தூர் வேலை மனசில் இருந்ததால் முதலில் சரிவைப் பார்த்தேன். குழாய் நன்றாகச் சரிந்தே கிடந்தது. குழி பக்கத்திலேதான். நெம்புகம்பியால் குழியின் மூடியைத் தூக்கி உள்ளே பார்த்தேன், நிறையவில்லை. பின்பக்கம் குழியின் காற்றுக்குழாய் நிற்கிறதா என்றும் எட்டிப் பார்த்தேன். நின்றது. நல்லமிளகுக் கொடி அதைச் சுற்றி மேலே வரைக்கும் ஏறி, இலையும் காயுமாக மூடிக்கொண்டிருந்தது. உள்ளே போய் ஃபிளஷை அழுத்தினேன். தண்ணீர் ஒரே இழுப்பில் போயிற்று. செலின் நம்பாமல் ஒரு வாளி ஊற்றினாள். அதுவும் போயிற்று. மூடியை இழுத்துப் போட்டு ஓரத்தில் சிமென்ட் பூசிவிட்டுக் கிளம்பினேன்.

சாயங்காலமே ஆள் வந்தது, தண்ணீர் நிற்கிறதென்று. மறுபடி போனேன், மறுபடி மூடியைத் தூக்கினேன், மறுபடி ஒரே இழுப்பு. அடுத்த முறை மூடியைத் திறந்து பார்த்த கையோடு ஃபிளஷ் டாங்கையே கழற்றி மிதவையை மாற்றினேன். அன்றைக்கும் நான் நின்றவரைக்கும் ஒரு குறையும் இல்லை. எனக்குக் கோபம் வந்தது. கோபம் வந்தால் நான் கொஞ்சம் உரக்கப் பேசுவேன். வேலையே இல்லாத வீட்டுக்கு எதற்கு என்னை அலைக்கழிக்கிறாய் என்று செலினிடம் கேட்டுவிட்டேன். அவள் கோபப்படவில்லை. என் சைக்கிளையும் கக்கூசுக் கதவையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"அண்ணன் நிக்கும்போ போவுது, அண்ணன் சைக்கிள்ல ஏறினா அதுவும் நின்னுருது. அண்ணன் இஞ்சேயே ஒரு பாய் போட்டுக் கெடக்கணும் போலிருக்கு."

கப்பி

செல்லையன் மாமாவின் அறையும் கிணறும் அடுத்தடுத்து. ஜன்னலைத் திறந்தால் கிணற்றுக் கப்பி தெரியும். அந்த வீட்டில் மோட்டார் இல்லை, பஞ்சாயத்துக் குழாயில் வருகிறது ஃபிளஷ் டாங்குக்கே பத்தாது. மாமா கக்கூசுக்குப் போய்வந்தால் செலின் கிணற்றுக்கு ஓட வேண்டும். வாளி வாளியாகக் கோரி ஊற்றி, நிற்கிறதா இறங்குகிறதா என்று பார்த்து, மறுபடி கோர வேண்டும். பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்புகிற அவசரத்திலும் இது உண்டு. கப்பி எண்ணெய் காணாத கப்பி. ஒவ்வொரு இழுப்புக்கும் அழுகிற மாதிரி ஒரு சத்தம் போடும்.

நான் மிதவை மாற்றின அன்று மத்தியானம் அவருக்குச் சோறு வைத்திருந்தாள். மரச்சீனிக் கிழங்கும் மீன்குழம்பும். மனுஷர் குழம்பைத் தொட்டு நாக்கில் வைத்துவிட்டு, சோற்றைத் தட்டின் ஒரு ஓரத்துக்கு ஒதுக்கினார். கன்னம் ஒட்டிப்போயிருந்தது. திடலில் நின்று விளித்த ஆளா இது என்று எனக்கு மனசு கேட்கவில்லை. நல்லா சாப்பிடுங்க மாமா, இதைச் சரிசெய்யாமல் நான் விடப்போவதில்லை என்றேன். "இது செரியாவாது மக்கா, நீ விட்டுரு" என்றார். மேஸ்திரி நானே சொல்லாததை இவர் எப்படி இவ்வளவு உறுதியாகச் சொல்கிறார் என்று அப்போது எனக்குத் தோன்றாமல் இல்லை. நோயாளியின் சலிப்பு என்று விட்டுவிட்டேன். சோறு ஏன் குறைக்கிறீர்கள் என்று நேராகவே கேட்டேன். ஜன்னல் வழியே கிணற்றைக் காட்டினார்.

"கோருதது அவளுக்கு, அந்தக் கப்பி கரையுதத கேட்டுட்டுக் கெடக்கியது எனக்கு. நான் ஒரு அகப்ப சோறு குறச்சா ரெண்டு பேருக்கும் சமாதானமாக்கும்."

பல்செட்டு

அதே வாரம் பாறசாலை ரயில் பாதை ஓரத்தில் ஒரு வீட்டுக்குப் போனேன். வசந்தா என்று ஒரு அம்மா, வீட்டுக்காரர் இறந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. கக்கூசில் தண்ணீர் மெல்ல மெல்லத்தான் இறங்குகிறது, ரொம்ப நாளாக இப்படித்தான், இப்போது சுத்தமாக நின்றுவிட்டது என்றார்கள். உடைத்துவிட்டுப் புதிது வைக்கலாம் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். எனக்கு உடைக்க மனசு வராது. கையில் பிளாஸ்டிக் கவரைச் சுற்றிக்கொண்டு வளைவுக்குள் விட்டுத் துழாவினேன். கெட்டியாக ஏதோ தட்டுப்பட்டது. திருப்பித் திருப்பி இழுத்தேன். கூடவே துணியும் முடியும் வந்தன. நடுவில் ஒரு பல்செட்டு, மேல்வரிசை.

வீட்டுக்காரர் வாய் கொப்பளிக்கும்போது தவறி விழுந்திருக்க வேண்டும். வசந்தா அதைக் குழாயடிக்குக் கொண்டுபோய் சோப்புப் போட்டு ரொம்ப நேரம் கழுவினார்கள். தூரப் போடுவார்கள் என்று நினைத்தேன். முந்தானையில் துடைத்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டார்கள். ஆஸ்பத்திரியில் மறந்துவிட்டதாக நினைத்து அங்கேயும் போய்த் தேடினார்களாம். புதுசு வைக்கலாம் என்றால், கிடைத்துவிடும் கிடைத்துவிடும் என்று அவர் தள்ளிப்போட்டாராம்.

"இதத் தேடித் தேடித்தான் அவரு கடைசி வரைக்கும் கஞ்சி குடிச்சாரு. இத்தன நாளும் இது எனக்க காலடியிலயாக்கும் கெடந்தது."

சிரட்டை

அங்கிருந்து வீட்டுக்குப் போகப் பிடிக்கவில்லை. சைக்கிளை நேராகச் செல்லையன் மாமா வீட்டுக்கு விட்டேன். ஒரு மனுஷன் கக்கூசினால் வாய்க்கு ருசியாகச் சாப்பிடாமலே போய்ச் சேர்ந்தான். இன்னொருவனை அப்படி விடக்கூடாது என்று மட்டும்தான் வழியெல்லாம் நினைத்துக்கொண்டு மிதித்தேன்.

வழக்கம்போல நெம்புகம்பியை எடுத்துக்கொண்டு குழி மூடியிடம் போனேன். செலின் குறுக்கே வந்து நின்றாள். "அதத் தொறக்காத அண்ணா" என்றாள். நான் வராத நாட்களில் அவள் யோசித்திருக்கிறாள். நான் வந்தால் என்ன செய்கிறேன்? மூடியைத் திறக்கிறேன். திறந்து வைத்துவிட்டுத்தான் தண்ணீர் ஊற்றிப் பார்க்கிறேன். மூடிவிட்டுப் போய்விடுகிறேன். இன்றைக்கு மூடி இருக்கும்போதே ஊற்றிப் பார்ப்போம் என்றாள். ஊற்றினோம். தண்ணீர் குமிழ் விட்டுக்கொண்டு பீங்கானின் விளிம்பு வரைக்கும் ஏறி நின்றது. வெளியே ஓடிவந்து மூடியை நெம்பித் தூக்கினேன். உள்ளேயிருந்து செலின் "போச்சு, போச்சு" என்று கத்தினாள்.

குழிக்குள் தண்ணீர் விழ வேண்டுமானால் அங்கே இருக்கிற காற்று வெளியேற வேண்டும். அதற்குத்தான் காற்றுக்குழாய். மூடி திறந்திருந்தால் காற்று அந்த வழியாகப் போய்விடும். மூடிவிட்டால் போக இடமில்லை, தண்ணீர் மல்லுக்கு நிற்கும். அப்படியென்றால் அந்தக் குழாய் மேலே அடைந்திருக்க வேண்டும். கொடி மூடிக்கிடந்ததால் கீழேயிருந்து ஒன்றும் தெரியவில்லை. ஏணியைச் சாத்தினேன், செலின் அடியில் பிடித்துக்கொண்டாள். நான் பாதி ஏறியிருப்பேன், ஜன்னலிலிருந்து ஒரு குரல் வந்தது. "எலே ராஜையா, ஏறாத! எறங்கு!" திடலில் கேட்கிற அதே குரல். எத்தனையோ மாதத்துக்குப் பிறகு அந்தக் குரலைக் கேட்டு நான் ஏணியிலேயே நின்றுவிட்டேன். பிறகும் ஏறினேன்.

இலைகளை விலக்கினால் குழாயின் வாயில் ஒரு தேங்காய்ச் சிரட்டை. கண்ணுள்ள பக்கம் மேலே, அந்தக் கண்ணையும் விடாமல் சிமென்ட் வைத்துப் பூசியிருந்தது. அணிலோ காக்காயோ செய்கிற வேலை இல்லை. கீழே பார்த்தேன். செல்லையன் மாமா ஜன்னல் கம்பியை இரண்டு கையாலும் பிடித்து, துணையில்லாமல் நிற்கக் கூடாத மனுஷர், எழுந்து நின்றுகொண்டிருந்தார்.

"நானாக்கும் வச்சது" என்றார். அந்தக் குழாயிலிருந்து நாலு எட்டு நடந்தால் கய்யாலை, மண்ணால் எழுப்பின எல்லைச் சுவர். அதற்கு அந்தப் பக்கம் கோமதி அக்கா வீட்டுப் பிலாமரம். அந்த மரத்தடியில் நாகருக்குச் சாயங்காலம் கோமதி அக்கா விளக்கு வைப்பது ஊருக்கே தெரியும். ஒரு நாள் விளக்கு வைக்கும்போது அவர்கள் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டதை மாமா பார்த்துவிட்டார். சாமி கும்பிடுகிற இடத்துக்கு நம் கக்கூசின் நாற்றம் போகிறதே என்று அவருக்குத் தாங்கவில்லை. யாரிடமும் சொல்லாமல் சிரட்டையும் சிமென்டுமாக ஏறினார். பூசிவிட்டு இறங்கும்போதுதான் விழுந்தார். நல்லமிளகு பறிக்க ஏறினேன் என்று ஆஸ்பத்திரியிலும் வீட்டிலும் சொல்லிவிட்டார். குழி ஏன் இழுக்கவில்லை என்று எங்கள் எல்லாரையும்விட அவருக்குத்தான் முதலில் தெரியும். தெரிந்துகொண்டே பட்டினி கிடந்தார்.

ஏணியின் அடியில் செலின் அழுதுகொண்டிருந்தாள். சிரட்டையை எடுக்கப்போகிறேன் என்றேன். அவர் வேண்டாமென்று தலையை ஆட்டினார்.

"எடுக்கதப் பாத்தா எதுக்குன்னு கோமதி கேப்பா, பிறகு எல்லாம் வெளிய வரும். எனக்க வெளக்கினாலதான் செல்லையண்ணனுக்குக் காலு போச்சுன்னு கோமதி காலம் முழுக்க நெனச்சுக் கரைவா. அது வேண்டாம் மக்கா."

கய்யாலைக்கு இப்புறமும் அப்புறமும்

எனக்கு ஒரு வழி தோன்றியது. சிரட்டையை எடுத்துவிட்டு, அந்தக் குழாயோடு இன்னொரு நீளம் சேர்த்து, கூரைக்கும் மேலே கொண்டுபோய் விட்டால் நாற்றம் காற்றோடு போய்விடும், கீழே இறங்காது. ஆனால் அவ்வளவு உயரத்துக் குழாய் தனியாக நிற்காது, எதிலாவது சாத்திக் கட்ட வேண்டும். வீட்டுச் சுவர் எட்டாது, மாமா வீட்டுப் பக்கம் மரமே இல்லை. இருக்கிற ஒரே மரம், கய்யாலைக்கு அந்தப் பக்கத்திலிருந்து குழாய்க்கு மேலே வரைக்கும் கிளை நீட்டி நிற்கிற பிலா. நாகருக்கு விளக்கு வைக்கிற மரம். அதில் கக்கூசுக் குழாயைக் கட்டட்டுமா என்று யார் போய்க் கேட்பது? நான் கேட்கமாட்டேன் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டேன்.

மாமாவின் கூச்சல் கேட்டு அதற்குள் கோமதி அக்காவே கய்யாலை ஓரத்துக்கு வந்துவிட்டார்கள், கையில் மாட்டுக்குப் போடுகிற புல்லுக்கட்டோடு. என்ன ஆச்சு, செல்லையண்ணன் விழுந்தாரா என்று கேட்டார்கள். நான் ஏதோ சமாளிக்கப் பார்த்தேன். செலினால் முடியவில்லை. மூக்கைப் பொத்தினதிலிருந்து சிரட்டை வரைக்கும், ஏணியிலிருந்து சோறு குறைத்தது வரைக்கும் எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள். ஜன்னலில் செல்லையன் மாமா கண்ணை மூடிக்கொண்டார். கோமதி அக்கா புல்லுக்கட்டைக் கீழே போட்டார்கள். பிறகு கய்யாலையின் தாழ்ந்த இடம் பார்த்துத் தாண்டி வந்து ஜன்னலுக்கு நேரே நின்றார்கள். அவர்களும் அழுதுகொண்டுதான் இருந்தார்கள், ஆனால் குரல் கோபமாக இருந்தது.

தான் மூக்கைப் பொத்தினது தங்கள் தொழுத்தின், மாட்டுக் கொட்டகையின், நாற்றத்துக்கு என்றார்கள். அன்றைக்குத் தொழுத்தில் மூத்திரச் சால் அடைத்துக் கிடந்ததாம். அது நிஜமா, அந்த மனுஷருக்கு ஆறுதலுக்காக அப்போதே உண்டாக்கினதா என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. குழாயை எங்கே கட்ட வேண்டும் என்று என்னிடம் கேட்டார்கள். நான் தயங்கித் தயங்கிப் பிலாவைக் காட்டினேன். விளக்கு வைக்கிற பக்கத்துக்கு மறுபக்கமாகக் கட்டு, கயிறு வேண்டாம், கம்பி போட்டுக் கட்டு, மரத்தில் உரசாமல் சாக்கு வைத்துக் கட்டு என்று எனக்கே வேலை சொன்னார்கள். பிறகு மாமாவின் பக்கம் திரும்பினார்கள்.

"எங்க தொழுத்துக்க மணம் உங்க அடுக்களைக்குள்ள வந்து கெடக்குதே அண்ணா, என்னைக்காவது ஒரு வார்த்த பறஞ்சதுண்டா? எங்களுக்கு மட்டும் மூக்கு உண்டு, உங்களுக்கு இல்லியா?"

லேலம்

மறுநாள் காலையில் குழாயைக் கட்டி, வாயில் கொசுவலை சுற்றி, குழி மூடிக்குச் சிமென்ட் பூசிவிட்டுத் தண்ணீர் விட்டுப் பார்த்தோம். மூடி மூடியபடியே இருக்க, ஒரே இழுப்பு. இந்த முறை நான் உடனே போகவில்லை. செலின் கேட்டபடியே வீட்டைச் சுற்றிவிட்டு வந்து, சைக்கிளில் ரோடு வரைக்கும் போய்த் திரும்பி வந்தும் பார்த்தேன். அப்போதும் போயிற்று. அன்று மத்தியானம் செலின் மாமாவுக்குச் சோறு வைத்தாள். அவர் சாப்பிட்டுவிட்டுத் தட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பிறகு ரொம்ப நாள் கேட்காத ஒன்றைக் கேட்டுப் பழகுகிறவர் போல, "இன்னொரு அகப்ப போடு மக்களே" என்றார். அவள் போட்டுவிட்டு அடுக்களைக்குள் போய்விட்டாள். நானும் வெளியே வந்து, இல்லாத வேலை ஒன்றைத் தேடிக் கொஞ்ச நேரம் குனிந்து நின்றேன்.

அந்த வருஷத்து அறுப்புப் பண்டிகைக்குச் செல்லையன் மாமாவை ஆட்டோவில் கொண்டுவந்து திடலில் ஒரு நாற்காலியில் உட்கார வைத்தார்கள். வேறு ஒருவர் லேலம் விளிக்கத் தயாராக மைக்கோடு நின்றார். மாமா கையை நீட்டி அவரை ஒதுக்கினார். உட்கார்ந்தபடியே விளித்தார். சேனை போயிற்று, தேங்காய் போயிற்று, சேவல் ஒன்று கத்திக்கொண்டே போயிற்று. கோமதி அக்கா வீட்டிலிருந்து வருஷா வருஷம் ஒரு குலை வரும். அன்றைக்கும் ஒரு பெரிய ஏத்தங்குலை வந்திருந்தது. அதைத் தூக்கிப் பிடிக்கச் சொல்லிவிட்டுக் கூட்டத்தை ஒரு சுற்றுப் பார்த்தார். கூட்டத்தின் கடைசியில் தென்னையோடு ஒட்டி நின்ற என்னைக் கண்டுபிடித்துவிட்டார். பாஸ்டர் இருந்தார், பெண்கள் இருந்தார்கள், கல்யாணத்துக்கு நிற்கிற பிள்ளைகள் இருந்தார்கள். மனுஷர் எதையும் பார்க்கவில்லை.

"எலே ராஜையா, எதுக்கு அங்க ஒளிஞ்சு நிக்குத? இஞ்ச முன்னால வா! நம்ம கக்கூசு இப்போ ஒரே இழுப்பாக்கும், நான் மூணு நேரமும் வயிறு நெறயத் தின்னுதேன் கேட்டியா! இந்தக் குலைக்கு நீ ஒரு வெல விளி!"

என் தொழிலில் என்னை முழுக் குரலில் கூப்பிட்ட ஒரே ஆள் அவர்தான். திடல் கலையும்போது அந்தக் கூட்டத்தில் பாதிப் பேர் ஒருவர் பின் ஒருவராக வந்து, என் தோளைத் தொட்டு, காதுக்குள் சொன்னார்கள்.